முற்றத்துத் தண்ணீருக்கு ஒரு மழைத் தோட்டம்

மழைநீர் சேகரிப்பு என்றதும் நம் ஊரில் மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சென்னையை அடுத்த செம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் அப்போதுதான் மாடிக் குழாய்களை ஒன்றாக இணைத்து, வடிகட்டும் தொட்டி கட்டி, தண்ணீரைக் கிணற்றில் விட்டோம். இன்றுவரை அது ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆனால் மழை மாடியில் மட்டும் விழுவதில்லை. வீட்டுக்கு முன்னால் கார் நிற்கும் இடம், நடைபாதை, கேட் வரையிலான முற்றம் எல்லாம் சிமெண்ட் தளம். அங்கே விழுந்த தண்ணீர் அத்தனையும் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தண்ணீரைப் போல இதைக் கிணற்றில் விட முடியாது. டயர் தூள், எண்ணெய்ச் சொட்டு, சேறு, சருகு எல்லாம் கலந்த தண்ணீர் இது. ஜல்லி போட்ட உறிஞ்சு குழியில் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் குழி அடைத்துக்கொள்ளும். கூரைத் தண்ணீருக்குச் சட்டம் இருக்கிறது, கொத்தனாருக்கும் வழி தெரிந்திருக்கிறது. முற்றத்துத் தண்ணீரைக் கேட்பார் இல்லை. அந்தத் தண்ணீருக்காகத்தான் மழைத் தோட்டம் போட்டேன். அந்த வேலையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

மழைத் தோட்டம் என்பது சுற்றியுள்ள தளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு பாத்தி. தண்ணீர் அதற்குள் வந்து சில மணி நேரம் தேங்கி, செடிகளின் வேர் வழியே மண்ணுக்குள் இறங்கும். 1990 வாக்கில் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் புதிதாக எழும்பிய ஒரு குடியிருப்பில், பெரிய வடிகால் குளம் வெட்டுவதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு இப்படிப் பாத்தி போட்டார்கள். அங்கிருந்துதான் இந்த முறை பரவியது. அவர்கள் நடும் செடியும் அவர்களுடைய மழையும் வேறு. அங்கே ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்கிறது. நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதற்கேற்ப அளவையும் செடியையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

குழி வெட்டும் முன் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு சூத்திரம் போதும். எங்கள் முற்றமும் கார் நிற்கும் இடமும் சேர்ந்து 600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 560 லிட்டர் விழும். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 130, 140 செ.மீ. பெய்கிறது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 72,000 லிட்டர். நம் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஆறு லாரி. முன்வாசல் ஒன்றிலிருந்து மட்டும் இவ்வளவு.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் தரை தட்டி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் முற்றத்தைப் போன்ற முப்பத்தைந்து முற்றங்களில் ஓராண்டில் விழும் மழை கிட்டத்தட்ட அதே அளவு. இந்தக் கணக்கைப் போட்டபிறகு தெருவில் ஓடும் தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

வெளியே போகும் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். எங்கள் தெருவின் வடிகால் செம்பாக்கம் ஏரிப் பக்கம் இறங்குகிறது. அங்கிருந்து உபரி நீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. கோடை முழுவதும் தளத்தில் படிந்த அழுக்கை முதல் மழை ஒரேயடியாக வழித்துக்கொண்டு போகும். அந்த முதல் மழைத் தண்ணீர்தான் மிக மோசமானது. அதை வீட்டு வாசலிலேயே மண்ணுக்குள் இறக்கினால் ஏரிக்குப் போகும் அழுக்கில் நம் பங்கு நின்றுவிடும். மழைத் தோட்டத்தால் கிடைக்கும் நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். நிலத்தடி நீர் அதற்கு அடுத்ததுதான்.

இடமும் மண்ணும்

இடம் பார்ப்பதில் சில விதிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் மேலோ அருகிலோ கூடாது. காம்பவுண்ட் சுவருக்கு அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. அதிலிருந்தும் சில அடி விலக வேண்டும். பெரிய மரத்தின் வேரை வெட்டிக் குழி எடுப்பது நன்மையைவிடத் தீமை. எங்களுக்குக் கேட்டுக்கு இடது பக்கம், முன்பு துளசி மாடமும் வாடிய குரோட்டன்ஸ் தொட்டிகளும் இருந்த பத்துக்குப் பத்தடி மண் தரை சரியாக அமைந்தது. தளத்தின் வாட்டமும், அதாவது சரிவும், அந்தப் பக்கம்தான்.

பிறகு நிலத்தடி நீர் மட்டம். மார்கழியில் கிணற்றில் தண்ணீர் தரைக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் தெரு ஏரியிலிருந்து சற்று மேட்டில் இருக்கிறது. நல்ல மழை ஆண்டிலும் ஆறடிக்குக் கீழேதான் நிற்கும். தோட்டத்தின் அடி இரண்டடி ஆழத்தில் இருப்பதால் நடுவில் நாலடி மண் இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த பகுதிகளில் மழைக்காலத்தில் ஓரடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் வீடுகள் உண்டு. அங்கே மழைத் தோட்டம் உறிஞ்சாது, குட்டையாகத்தான் நிற்கும். அவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் கடப்பாரையைத் தொட வேண்டாம். சோதனை எளிது. ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி. அதில் நிரம்பத் தண்ணீர் ஊற்றி முழுவதும் வடிய விட வேண்டும். அந்த முதல் வடிதலை நம்பக் கூடாது. காய்ந்த மண் தாகத்தில் வேகமாகக் குடித்துவிடும். மறுபடி நிரப்பி, ஓர் அடிக்கோலை நட்டு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் மண்ணில் மணிக்கு அரை அங்குலம் இறங்கியது. மேலே ஓரடிக்கு வீடு கட்டியபோது கொட்டிய ரப்பீஷ், அதற்குக் கீழே களி கலந்த செம்மண். அரை அங்குலம் என்பது சுமார்தான். ஆனாலும் ஆறு அங்குலம் தேங்கினால் பன்னிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு நாளுக்குள் வடிந்தால் போதும் என்பதுதான் அளவுகோல். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலோர மணல் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஊற்ற ஊற்ற இறங்கும்.

வெட்டும் வேலை

ஆவணியில் வேலையைத் தொடங்கினேன். ஐப்பசி மழைக்கு முன் செடி வேர் பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். முற்றத்துத் தளத்தை வெட்டக் கூப்பிட்ட கொத்தனார் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, வாட்டம் போட்டு வெளியே விடுங்கள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நீங்கள் உள்ளே நிறுத்தச் சொல்கிறீர்களே!" என்றார். சோதனைக் குழியைக் காட்டி, தண்ணீர் எங்கே போகும் என்று விளக்கியதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன யோசனைகள் பல என்னுடையவற்றைவிட மேலானவை. மண்ணையும் குப்பையையும் பிடித்து நிறுத்தும் வண்டல் தொட்டியைத் தனியாகக் கட்டச் சொன்னது அவர்தான்.

பத்துக்குப் பத்தடியில் இரண்டடி ஆழம் வெட்டினோம். ஓரங்கள் சரிவாக இறங்கி, அடித்தளம் எட்டுக்கு எட்டடி. அடித்தளம் சமமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ரசமட்டத்தை நீளமான பலகை மேல் வைத்து நாலு பக்கமும் பார்த்தோம். ஒரு மூலை தாழ்ந்தாலும் தண்ணீர் அத்தனையும் அங்கேயே போய்த் தேங்கும், மற்ற இடம் வேலை செய்யாது. வெட்டி முடித்த பிறகு அடி மண்ணைக் கடப்பாரையால் குத்திக் கிளறிவிட்டோம். மண்வெட்டி பட்ட களிமண் வழவழவென்று மூடிக்கொள்ளும், அதைக் கிழித்துவிட வேண்டும். கிளறிய பிறகு ஒருவரும் உள்ளே இறங்கி மிதிக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது வெட்டவும் கூடாது.

உள்ளே ஒன்றரை அடிக்குப் புது மண் கலவை. அதற்கு மேல் விடும் அரை அடிப் பள்ளம்தான் தண்ணீர் தேங்கும் இடம். கலவை ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, வரும். அதில் பத்துக்கு ஐந்து பங்கு மணல், மூன்று பங்கு வெட்டி எடுத்த செம்மண், இரண்டு பங்கு மட்கிய எரு. ரப்பீஷ் கலந்த மேல் மண்ணைச் சேர்க்கவில்லை. மணலுக்கு, கான்கிரீட்டில் போடும் பருமனான எம் சாண்ட் வாங்கிக் கழுவினேன். பூச்சு வேலைக்கான பி சாண்ட் கூடாது, அதன் மாவு மண்ணின் கண்களை அடைத்துவிடும். மணலைக் குறைத்துப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் அது காய்ந்த பிறகு செங்கல்லைப் போல இறுகிவிடும். பாதிக்குப் பாதி போடுங்கள், இல்லையென்றால் மணலே வேண்டாம்.

எருவிலும் அளவு தேவை. தோட்டம்தானே, நிறையப் போட்டால் செழிக்கும் என்று தோன்றும். ஆனால் இந்தப் பாத்தி வழியாகத் தண்ணீர் ஊடுருவிப் போகிறது. அதிகப்படி எருவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரோடு கரைந்து நிலத்தடி நீருக்கும் வடிகாலுக்கும் போகும். ஏரியில் பாசி பூப்பதற்கு அதுவே காரணமாகும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ரசாயன உரம் அறவே கூடாது.

தேங்கும் பள்ளத்தில் 1,100 லிட்டர், மண் கலவையின் இடைவெளிகளில் 650 லிட்டர். இரண்டும் சேர்ந்தால் மூன்று சென்டிமீட்டர் மழையை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். நீரை அனுப்பும் தளத்தின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு தோட்டம் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

வரும் வழி, போகும் வழி

கேட்டின் அகலத்துக்கு, உட்பக்கமாக நாலு அங்குல அகலத்தில் தளத்தை வெட்டி ஒரு வாய்க்கால் எடுத்தோம். மேலே இரும்புக் கிராதி, கார் ஏறிப் போகலாம். வாய்க்கால் நேராகத் தோட்டத்துக்குள் போகவில்லை. நடுவில் ஒன்றரை அடிச் சதுரத்தில் செங்கல் தொட்டி ஒன்று, அதுதான் வண்டல் தொட்டி. தண்ணீர் அதன் அடியில் விழுந்து, ஓரடி உயர்ந்த பிறகு மேல் விளிம்பு வழியாக வழிந்து பாத்திக்குள் போகும். கனமான மண்ணும் குப்பையும் தொட்டியிலேயே தங்கிவிடும். விழும் இடத்தில் மண் அரிக்காமல் இருக்கக் கூழாங்கல் பரப்பினோம்.

அந்தத் தொட்டியில் முதல் பெரிய மழைக்குப் பிறகு கிடைத்ததை ஒரு பழைய வாளியில் அள்ளிப் போட்டுக் கிளறிப் பார்த்தேன். அடியில் கறுப்பாக, விரலில் தேய்த்தால் மை போல ஒட்டும் சேறு. அதற்கு மேல் சாம்பல் நிறச் சிமெண்ட் மாவு, எதிரில் நடக்கும் கட்டட வேலையின் தூசி அது. வேப்பங்காம்புகள், ஒரு சாக்லேட் தாள், பீங்கான் துண்டு, சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்று. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு மழைக்கும் இதைத்தான் நாங்கள் ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எண்ணெய்ப் பசையை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்துவிடும். டயர் தூளில் இருக்கும் துத்தநாகம், பிரேக் தேய்மானத்தில் வரும் செம்பு போன்ற உலோகங்கள் களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் மேல் மண்ணிலேயே தங்கிவிடும். கீழே போகும் தண்ணீர் சுத்தமாவது இதனால்தான். ஆனால் மேலே தங்கும் உலோகம் மறைந்துவிடுவதில்லை. அதனால் இந்தப் பாத்தியில் முளைக்கும் கீரையைச் சமைக்கக் கூடாது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் இங்கே தளதளவென்று வரும், ஆசையாகத்தான் இருக்கும். பறிக்காதீர்கள். கார் கழுவும் சோப்புத் தண்ணீரையும் இதில் விடக் கூடாது.

பாத்தியின் மறுமுனையில், மண் மட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே நாலு அங்குல பி.வி.சி. குழாய் வைத்து, மிகுந்த நீர் தெரு வடிகாலுக்குப் போக விட்டோம். இந்தக் குழாய் இல்லாமல் மழைத் தோட்டம் போடவே கூடாது. கனமழையில் தண்ணீர் திரும்பி வீட்டுப் படியை நோக்கி வரும். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டவர்களுக்கு இந்த வழி பயன்படாது.

செலவு, கூலி எல்லாம் சேர்ந்து பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் தளம் வெட்டிய கூலியும் இரும்புக் கிராதியும்தான். மண் முற்றம் உள்ளவர்களுக்கு இந்தச் செலவே இருக்காது.

செடிகள்

இங்கேதான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. நம் மழைத் தோட்டம் ஆண்டில் இரண்டு மாதம் நனைந்து, எட்டு மாதம் காய்ந்து கிடக்கும். அல்லியும் தாமரையும் கோடையில் செத்துவிடும். கள்ளியும் கற்றாழையும் மழையில் அழுகிவிடும். இரண்டையும் தாங்கும் செடிகள் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்த்தாலே போதும், பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.

நடுப்பள்ளத்தில் வெட்டிவேர். இந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு செடிதான் வைக்கலாம் என்றால் நான் வெட்டிவேரைத்தான் வைப்பேன். வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும், பத்தடி வரை இறங்கக்கூடியது. களிமண்ணைத் துளைத்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் தண்ணீருக்கும் வழி. வெறும் குழி நாளாக ஆக அடைபடும், வேர் உள்ள குழி நாளாக ஆகத் திறந்துகொள்ளும். உறிஞ்சு குழிக்கும் மழைத் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடே அதுதான். வெட்டிவேருக்கு இடையில் நீர்முள்ளி, கொஞ்சம் கோரை. நீர்முள்ளியின் முள் குத்தும், குழந்தைகள் ஓடும் பக்கம் வேண்டாம். கோடையில் அது காய்ந்துவிட்டது போலத் தோன்றும். பிடுங்காமல் விட்டால் விதை விழுந்து அடுத்த மழையில் முளைக்கும்.

சரிவில் கல்வாழையும் பொடுதலையும். பொடுதலை தரையோடு தரையாகப் படர்ந்து மண்ணை மூடுவதால் தனியாக மூடாக்குத் தேவையில்லை. வழக்கமாகப் போடும் சருகு மூடாக்கு இங்கே மிதந்து போய்க் குழாயை அடைத்துவிடும். பொடுதலை பிடிக்கும் வரை தென்னை நார்ப் பாயை விரித்து மூங்கில் முளை அடித்து வைத்தோம். மேட்டு விளிம்பில் நொச்சி, ஆடாதொடை, ஆவாரை. இவை வறட்சியைத் தாங்கும், ஒரு நாள் வெள்ளத்தையும் தாங்கும். ஏறத்தாழ எல்லாமே கிளையோ வேர்த்துண்டோ கேட்டு வாங்கியவை. ஆவாரை மட்டும் விதை போட்டு வந்தது.

நடும்போது எதிர் வீட்டு அக்கா வந்து நின்று, "தம்பி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் கொசு வராதா? டெங்கு காலம்" என்று கேட்டார். இந்தக் கேள்வி நியாயமானது, எல்லாரும் கேட்க வேண்டியது. கொசு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒரே நாளில் வடியும் தண்ணீரில் அந்தப் புழு பிழைக்க முடியாது. அவருக்குச் சோதனைக் குழியில் தண்ணீர் ஊற்றிக் காலையில் வந்து பார்க்கச் சொன்னேன். உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வண்டல் தொட்டி. அதன் அடியில் சிமெண்ட் பூசினால் ஓரடித் தண்ணீர் எப்போதும் நிற்கும். அதனால் தொட்டியின் அடியில் சிமெண்ட் பூசாமல் ஜல்லி போட்டு விட்டோம், மேலே கொசு வலை கட்டிய மூடி போட்டோம். மாடியில் கிடக்கும் உடைந்த பூத்தொட்டியும் டயரும்தான் டெங்கு கொசுவுக்கு உண்மையான வீடு.

மழை வந்த பிறகு

2024 அக்டோபர் நடுவில் முதல் கனமழை வந்தது. பாத்தியில் நட்டிருந்த அடிக்கோலில் தண்ணீர் ஏறுவதைக் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். குழாய் வரை ஏறி, வழிந்து, மழை விட்டதும் இறங்கத் தொடங்கியது. மறுநாள் மதியத்துக்குள் மேலே தண்ணீர் இல்லை, செடிகளின் தண்டில் சேற்றுக் கோடு மட்டும். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது குழாய் நாள் முழுக்க வழிந்துகொண்டே இருந்தது. மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்ததால் முழுவதும் வடிய இரண்டு நாள் பிடித்தது. அப்போதும் கொசுப் புழு இல்லை.

எனவே அதிகம் எதிர்பார்க்க வைக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்படி ஒரு மழையில் எங்கள் முற்றத்திலிருந்து 27,000 லிட்டர் ஓடும். மூன்று சென்டிமீட்டரைத் தாங்கும் தோட்டம் அதை நிறுத்தாது. ஏரிகளும் கால்வாய்களும் ஆக்கிரமிப்பு இல்லாமல் இருந்தால்தான் அந்த மழைக்கு விடிவு. வீட்டுத் தோட்டத்தைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் நழுவக் கூடாது. மழைத் தோட்டம் சாதாரண மழைகளுக்கானது. ஒரு பருவத்தில் பெய்யும் மழை நாட்களில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் மழைகள்தான். அவற்றில் இப்போது எங்கள் கேட்டைத் தாண்டி ஒரு சொட்டும் போவதில்லை. கனமழையிலும் முதல் மூன்று சென்டிமீட்டர், அதாவது அழுக்கு மிகுந்த தண்ணீர், உள்ளேயே நின்றுவிடுகிறது.

கிணற்றில் மட்டம் ஏறியதா என்று பலர் கேட்டார்கள். அந்த ஆண்டு ஏறியது. ஆனால் நல்ல மழை பெய்தால் எல்லார் கிணற்றிலும் ஏறும். எங்கள் பத்தடித் தோட்டத்தால்தான் ஏறியது என்று சொல்வது நேர்மையாக இருக்காது. நிலத்தடி நீர் ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை, நாம் இறக்கிய நீர் தெருவுக்கே பொது. தெருவில் பாதி வீடுகள் போட்ட பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

கண்ணால் கண்ட மாற்றம் உயிர்களில்தான். மழை பெய்த இரவுகளில் தவளைச் சத்தம் கேட்கிறது. தட்டான்கள் வெட்டிவேரின் நுனியில் வந்து உட்காருகின்றன. தை மாதத்தில் நீர்முள்ளியில் கறுப்பு முள் போன்ற மயிர் உள்ள புழு ஒன்றைப் பார்த்தேன். மருந்து அடிக்கச் சொன்னார்கள், அடிக்கவில்லை. மயில் வசீகரன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு நீர்முள்ளி உணவுச் செடி. சில வாரங்களில் சிறகில் மயில்கண் போட்ட ஆரஞ்சு நிறப் பூச்சிகள் பொடுதலைப் பூக்களில் திரிந்தன. ஆவாரையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. நாட்டுச் செடி வைத்தால் இவை தாமாக வருகின்றன, குரோட்டன்ஸ் தொட்டிக்கு ஒன்றும் வந்ததில்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மழைக்காலத்தில் ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் வண்டல் தொட்டியை அள்ள வேண்டும். அந்தச் சேற்றை எருக்குழியில் போடாமல் மாநகராட்சிக் குப்பையில் தனியாகக் கட்டிப் போடுகிறேன். புரட்டாசியில் கூழாங்கல்லை எடுத்துக் கழுவி, பாத்தியின் மேல் படிந்த மெல்லிய வண்டல் ஏட்டைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த ஏடு இருந்தால் எவ்வளவு நல்ல மண்ணும் உறிஞ்சாது. வெட்டிவேரை ஒன்றரை அடிக்கு வெட்டிவிட்டால் மழையோடு புதுத் தழை வரும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை, பாத்திரம் கழுவுவதற்கு முன் அரிசி, காய்கறி அலசிய தண்ணீரை ஊற்றினோம். இரண்டாவது கோடையில் அதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது மழைக்காலத்துக்கு முன் அதே சோதனையைப் பாத்திக்குள்ளேயே செய்து பார்த்தேன். மணிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. மணல் கலந்த மண்ணும் வேரும் தம் வேலையைச் செய்திருக்கின்றன.

எதிர் வீட்டு அக்கா இப்போது தன் வீட்டிலும் போடச் சொல்கிறார். அவர்கள் முற்றம் 400 சதுர அடி. சோதனைக் குழியில் மணிக்குக் கால் அங்குலம்தான் இறங்குகிறது. அந்த மண்ணில் ஆறு அங்குலம் தேக்கினால் ஒரு நாள் முழுவதும் நிற்கும். அதனால் ஆழத்தை மூன்று அங்குலமாகக் குறைத்து, பாத்தியின் பரப்பை நூறு சதுர அடியாகவே வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். கொத்தனாரிடம் சொல்லிவிட்டோம். ஆடி கழிந்ததும் தளம் வெட்ட வருகிறார். வெட்டிவேர் நாற்று எங்கள் பாத்தியிலிருந்து போகிறது.